இணையத்தில் அரிய தங்க நாணயம்: பொன் அசலாக இருந்தும் பணம் பறிபோவது எப்படி? - ஓர் அலசல்

புதுடெல்லி: இந்தியச் சந்தையில் 10 கிராம் தங்கத்தின் விலை 2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேசச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் முதன்முறையாக 4,000 டாலரைத் தாண்டியது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் போய்விடும், ஆகவே நாணயமாக வாங்கி வைப்போம் என்ற எண்ணம் நடுத்தரக் குடும்பங்களில் இதனால் வலுத்துள்ளது. அந்த எண்ணத்தை மோப்பம் பிடித்ததைப்போலக் கைபேசித் திரைக்கு வந்து சேர்கின்றன சில விளம்பரங்கள். 'விக்டோரியா மகாராணி காலத்து அசல் தங்கம்', 'இனி கிடைக்காத முகலாய மொகர்', 'வரையறுக்கப்பட்ட பதிப்பு, இன்னும் சில மட்டுமே' என்று அவை அழைக்கின்றன.

தங்கமும் வேண்டும், அதன் மதிப்பு தங்கத்தைவிட வேகமாக வளரவும் வேண்டும் என்று விரும்புவோருக்கு இந்த அழைப்பு இனிக்கிறது. ஆனால் சேகரிப்பு நாணயச் சந்தையில் ஏமாறுவதற்குப் போலித் தங்கம் கையில் கிடைக்க வேண்டிய அவசியம் இல்லை. அசல் தங்கத்தையே வாங்கியும் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்க முடியும். இது எப்படி நிகழ்கிறது, சட்டம் எந்த இடத்தில் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை இந்தக் கட்டுரை அலசுகிறது.

ஒரு நாணயம், மூன்று விலைகள்

சேகரிப்பு நாணயம் ஒன்றுக்கு நாம் கொடுக்கும் தொகைக்குள் மூன்று விலைகள் மறைந்திருக்கின்றன. முதலாவது, அதில் உள்ள பொன்னின் விலை. இது நாள்தோறும் வெளியாகிறது, எவரும் சரிபார்க்கலாம். இரண்டாவது, அச்சிடும் கூலி, பெட்டி, அனுப்பும் செலவு, விற்பவரின் லாபம் ஆகியவை அடங்கிய வணிக விலை. மூன்றாவது, அரிதானது என்பதற்காகக் கொடுக்கும் விலை. சிக்கல் முழுவதும் இந்த மூன்றாவது விலையில்தான் உள்ளது. அதற்குத் தினசரிப் பட்டியல் இல்லை. விற்பவர் சொல்வதே விலை. அந்த விலையை மீண்டும் கொடுக்க இன்னொரு சேகரிப்பாளர் கிடைத்தால் மட்டுமே அது நமக்குத் திரும்பி வரும்.

வாங்கும்போது மூன்று விலைகளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அவசரத்துக்கு நகைக்கடையில் விற்கும்போதோ முதல் விலை மட்டுமே கிடைக்கிறது. உரைகல்லில் உரசி, எடை போட்டு, தங்கத்துக்கான பணத்தை எண்ணிக் கொடுப்பதுதான் நகைக்கடையின் தொழில். நாணயத்தில் யாருடைய தலை உள்ளது, அது எந்த ஆண்டு அச்சானது என்பது அங்கே கணக்கில் வராது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

பிரிட்டிஷ் 'சாவரின்' நாணயத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தங்கத்தை அளக்க நாம் சொல்லும் 'சவரன்' என்ற சொல் இதிலிருந்து வந்ததே. இன்றைய சவரன் 8 கிராம். அசல் நாணயத்தின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட், அதில் உள்ள சுத்தத் தங்கம் 7.322 கிராம்.

கணக்கின் எளிமைக்காகச் சுத்தத் தங்கம் கிராமுக்கு ரூ.10,000 என வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த நாணயத்தில் உள்ள பொன்னின் மதிப்பு ரூ.73,220. 'நூற்றாண்டுப் பழமை' என்று சொல்லி, வரிகள் உட்பட ரூ.1,10,000-க்கு ஒரு தளத்தில் அது விற்கப்படுகிறது எனக் கொள்வோம். பொன்னின் மதிப்புக்கு மேலே கொடுத்தது ரூ.36,780. அடுத்த வாரமே பணம் தேவைப்பட்டு, நகைக்கடையில் 5 சதவீதம் கழித்துக்கொண்டு வாங்கினால் கையில் கிடைப்பது சுமார் ரூ.69,560. ஒரே வாரத்தில் இழப்பு 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். போட்ட பணம் அதே கடையில் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் தங்கத்தின் விலை ஏறத்தாழ 58 சதவீதம் உயர வேண்டும்.

இதே கணக்கைச் சாதாரண 8 கிராம் 24 காரட் நாணயத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். தங்கத்தின் மதிப்பு ரூ.80,000. அச்சுக்கூலி 4 சதவீதம் எனக் கொண்டு, 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ரூ.85,696. அதே 5 சதவீதக் கழிவில் விற்றால் ரூ.76,000 கிடைக்கும். தங்கம் சுமார் 13 சதவீதம் உயர்ந்தாலே அசல் வந்துவிடும். 58-க்கும் 13-க்கும் இடையில் உள்ள இடைவெளிதான் 'அரிது' என்ற ஒற்றைச் சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை.

இன்னொரு நுணுக்கமான இழப்பும் உண்டு. மொகர், சாவரின் போன்ற பல பழைய நாணயங்களில் சாவரின் 22 காரட். 22 காரட் நாணயத்தின் மொத்த எடைக்கு 24 காரட் விலையைப் போட்டுக் காட்டினால், வாங்குபவர் சுமார் 9 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார். விளம்பரத்தில் எடை பெரிய எழுத்திலும் காரட் சிறிய எழுத்திலும் இருந்தால் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

அசல் தங்கம், போலி நாணயம்

போலி நாணயம் என்றதும் பித்தளைக்கு முலாம் பூசியதையே பலரும் நினைக்கின்றனர். அதைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். செம்பு கலந்த 22 காரட் தங்கத்துக்கு அது சுமார் 17.7. பித்தளைக்கு ஏறத்தாழ அதில் பாதி மட்டுமே. எனவே பித்தளையில் செய்த போலி, சரியான எடையில் இருந்தால் தடிமன் இரு மடங்காகும்; சரியான தடிமனில் இருந்தால் எடை பாதியாகும். எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒரே நேரத்தில் அதனால் ஏய்க்க முடியாது. சாவரினின் விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர், தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். துல்லியமான தராசும் அளவுகோலும் இருந்தால் வீட்டிலேயே முதற்கட்டச் சோதனையை முடித்துவிடலாம்.

ஆனால் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25. இது சுத்தத் தங்கத்துக்கு மிக அருகில் உள்ளது. உள்ளே டங்ஸ்டனும் வெளியே தங்கமுமாகச் செய்யப்பட்ட 24 காரட் கட்டிகளை எடையையும் அளவையும் மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. கடைகளில் பயன்படும் எக்ஸ்-கதிர் தரப்பரிசோதனைக் கருவியும் மேற்பரப்பைத்தான் வாசிக்கிறது. சந்தேகம் எழுந்தால் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை மையத்தையே நாட வேண்டும்.

இதைவிட ஆழமான ஆபத்து, தங்கம் அசலாகவும் நாணயம் போலியாகவும் இருப்பது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியிலும் லெபனானிலும் உண்மையான தங்கத்திலேயே போலிச் சாவரின்கள் அச்சிடப்பட்டன. அவற்றை உரைகல்லில் உரசினால் தங்கம் என்றே சொல்லும். காரணம், உரைகல் உலோகத்தைப் பற்றி மட்டுமே பதில் தரும். அச்சிட்டது யார், எப்போது என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அரிதான ஆண்டு என்பதற்காக ஐந்து மடங்கு விலை கொடுத்தவருக்கு, 'தங்கம் சுத்தமானதுதான்' என்ற சான்றிதழால் என்ன பயன்?

இந்தியாவுக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது பம்பாயில் செயல்பட்ட அச்சுச்சாலையில் 1918ஆம் ஆண்டுச் சாவரின்கள் அச்சாயின. அவற்றின் எண்ணிக்கை சுமார் 13 லட்சம். குதிரை வீரன் உள்ள பக்கத்தில், ஆண்டு எண்ணுக்கு மேலே தரைப்பகுதியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' என்ற சிறிய ஆங்கில எழுத்து அவற்றின் அடையாளம். அக்காலத்தில் அந்த எழுத்தைத் தாங்கி வந்தது 1918 மட்டுமே. 2013 முதல் பிரிட்டனின் ராயல் மின்ட் மேற்பார்வையில் எம்எம்டிசி-பாம்ப் நிறுவனம் ஹரியானாவில் அச்சிட்ட புதிய சாவரின்களிலும் இவ்வெழுத்து உண்டு. ஆக, வேறொரு பழைய ஆண்டைத் தாங்கிய 'பம்பாய் சாவரின்' என்று யாரேனும் விற்க வந்தால், உரைகல்லை எடுக்கும் முன்பே அதை ஒதுக்கிவிடலாம். இப்படிப்பட்ட ஒரு தகவல் எந்தக் கருவியையும்விட அதிகப் பணத்தைக் காப்பாற்றும்.

ஜஹாங்கீர் காலத்து ராசி மொகர்கள் இன்னொரு வகை. பன்னிரண்டு ராசிகளின் உருவங்களைத் தாங்கிய இந்நாணயங்கள் உலக அருங்காட்சியகங்கள் போற்றிப் பாதுகாப்பவை. அவற்றின் புகழ் காரணமாகவே பிற்காலத்தில் பிரதிகளும் ஏராளமாகப் பிறந்தன. உண்மையான ராசி மொகர் கைமாறும் இடம் பதிவுபெற்ற ஏலக்கூடங்கள்தான். கைபேசிச் செயலியில் தள்ளுபடி விலையில் அது கிடைக்கிறது என்றால், அந்த விலையே அதற்கு எதிரான முதல் சாட்சி.

நகையாக இருந்த நாணயங்களையும் கவனிக்க வேண்டும். காசுமாலையிலும் பதக்கத்திலும் கோத்த சாவரின்கள் தென்னிந்திய வீடுகளில் ஏராளம். வளையத்தைக் கழற்றி, பற்றவைத்த தடத்தை அரம் போட்டுத் தேய்த்து, மெருகேற்றி 'பளபளப்பான நிலை' என்று அவை விற்பனைக்கு வருகின்றன. இவ்வாறு தேய்த்த நாணயத்துக்கும் மெருகேற்றிய நாணயத்துக்கும் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு கடுமையாகக் குறைந்துவிடும். பெரும்பாலும் பொன்னின் விலைதான் மிஞ்சும். புகைப்படத்தில் பளபளப்பு பெருமையாகத் தெரியலாம். பழைய நாணயத்தில் அது பழுதின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

சொற்களில் ஒளியும் முலாம்

இணைய விளம்பரங்களில் அதிகம் கவனிக்க வேண்டியது '24 காரட்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதையே. '24 காரட் தங்க நாணயம்' வேறு. '24 காரட் தங்க முலாம் பூசிய நாணயம்' வேறு. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தின் இரு பக்கங்களிலும் 0.1 மைக்ரான் தடிமனுக்கு முலாம் பூசுவதாக வைத்துக்கொண்டால், தேவைப்படும் தங்கம் சுமார் 5 மில்லிகிராம். கிராமுக்கு ரூ.10,000 என்ற கணக்கில் அதன் மதிப்பு ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. கோயில், தலைவர், விளையாட்டு வெற்றி ஆகியவற்றின் பெயரில் வெல்வெட் பெட்டியில் வைத்து ஆயிரக்கணக்கில் விற்கப்படும் பல பதக்கங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

அரசு வெளியிடும் நினைவு நாணயங்கள் குறித்தும் தெளிவு தேவை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவையொட்டி வெளியான 1,000 ரூபாய் நாணயம் வெள்ளிக் கலவையில் ஆனது. அதன் மேல் யாரேனும் முலாம் பூசி 'தங்கப் பதிப்பு' என விற்றால், அது அரசின் வெளியீடு ஆகாது; சேகரிப்பாளரின் பார்வையில் அது கெடுக்கப்பட்ட நாணயம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு அச்சுச்சாலைகளும் மத்திய அரசின் நாணயம் மற்றும் பாதுகாப்பு அச்சுக் கழகத்தின் கீழ் இயங்குகின்றன. நினைவு நாணயங்களை அக்கழகத்தின் இணையதளத்திலேயே நேரடியாக வாங்க முடியும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையும் 1818 போன்ற ஆண்டுகளையும் பொறித்து, மறுபக்கத்தில் ராமர் பட்டாபிஷேகத்தையோ அனுமனையோ காட்டும் வட்டங்கள் மற்றொரு பரவலான வலை. இவை கம்பெனி புழக்கத்துக்கு விட்ட காசுகள் அல்ல; பிற்காலத்தில் பக்திப் பொருளாகவும் வேடிக்கைப் பொருளாகவும் உருவாக்கப்பட்டவை. இவற்றுக்கு 'அபூர்வ சக்தி' உண்டு, அரிசியை ஈர்க்கும் என்றெல்லாம் கதை கட்டி லட்சங்களைக் கறக்கும் கும்பல்கள் பற்றித் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் காவல் துறையினர் எச்சரித்துள்ளனர்.

பெட்டிக்குள் பூட்டிய நம்பிக்கை

நாணயத்தின் அசல்தன்மையையும் நிலையையும் மூன்றாம் தரப்பு சான்றளிக்கும் முறை அமெரிக்காவில் 1980களில் வேரூன்றியது. பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய இரு நிறுவனங்கள் இதில் முதன்மையானவை. நாணயத்தை ஆராய்ந்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் தந்து, எண்ணிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருகின்றன. இது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் உறைகளுக்கும் போலிகள் வந்துவிட்டன. உறையில் உள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டச்சு செய்து, அங்குள்ள படத்தோடு கையில் உள்ள நாணயத்தின் கீறல்களை ஒப்பிட வேண்டும். எண் அசலாகவும் நாணயம் வேறாகவும் இருக்கலாம். ஒரே எண்ணைப் பல போலி உறைகளில் அச்சிடுவது ஏமாற்றுவோருக்குக் கடினமான வேலை அல்ல.

'70-க்கு 70' என்ற மதிப்பெண்ணும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நவீன இயந்திரங்களில் நேற்று அச்சான நாணயத்துக்கு முழு மதிப்பெண் கிடைப்பது அரிதான நிகழ்வன்று. லட்சக்கணக்கில் அச்சாகும் நாணயம் ஒன்றுக்கு, முழு மதிப்பெண் வாங்கியது என்பதற்காகப் பொன்னின் விலையைப்போல் இரு மடங்கு கொடுப்பவர், அதே ஆர்வத்துடன் இன்னொருவர் வருவார் என்ற நம்பிக்கையை மட்டுமே வாங்குகிறார்.

விலையே ஏமாற்றாக மாறும்போது

அமெரிக்காவில் 2020 செப்டம்பரில் தொடரப்பட்ட வழக்கு ஒன்று இங்கே கவனத்துக்குரியது. அந்நாட்டின் சரக்கு முன்பேர வர்த்தக ஆணையமும் 30 மாநிலங்களின் ஒழுங்குமுறை அமைப்புகளும் இணைந்து தொடர்ந்த அந்த வழக்கில், பெரும்பாலும் முதியவர்களான சுமார் 1,600 பேரிடம் அவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து சுமார் 18.5 கோடி டாலர் திரட்டப்பட்டதாகவும், மிகையான விலைக்குத் தங்க, வெள்ளி நாணயங்கள் விற்கப்பட்டதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. புகாரின் மையம் போலித் தங்கம் அல்ல, விலையே. வங்கியில் உள்ள பணம் பாதுகாப்பற்றது என்ற அச்சமும், நாணயம் அரிதானது என்ற ஆசையும் ஒன்றாகக் கலந்து விற்கப்பட்டன. அதே கலவை இன்று இந்தியச் சமூக ஊடக விளம்பரங்களிலும் தென்படுகிறது.

யார் பொறுப்பு? எல்லைக் கோட்டில் நிற்கும் நாணயம்

சேகரிப்பு நாணயம் வாங்குபவரின் நிலைமையைச் சிக்கலாக்குவது, அந்நாணயம் எந்த ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் கைக்குள்ளும் முழுமையாக அடங்காதது ஆகும்.

தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆறு இலக்கத் தனித்த அடையாள எண் இல்லாத நகைகளை விற்க 2023 ஏப்ரல் 1 முதல் தடை உள்ளது. முத்திரை பெற்ற நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த அளவுக்கான தொகையைப்போல் இரு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கோர விதி உண்டு. ஆனால் 2020ஆம் ஆண்டின் கட்டாய ஹால்மார்க் ஆணை, கட்டிகளுக்கும் நாணயங்களுக்கும் விலக்கு அளித்துள்ளது. உரிமம் பெற்ற சுத்திகரிப்பு ஆலைகளும் அச்சுச்சாலைகளும் தாமாக முன்வந்து முத்திரை பெறலாம். அவ்வாறு பெற்ற நாணயத்தை வாங்குவோருக்கே பாதுகாப்பு. முத்திரை இல்லாத நாணயத்தை விற்பதை அந்த ஆணை தடுக்கவில்லை.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2025 நவம்பர் 8 அன்று டிஜிட்டல் தங்கம் குறித்து விடுத்த எச்சரிக்கையில், அவை தனது ஒழுங்குமுறை வரம்புக்குள் வராதவை எனத் தெளிவுபடுத்தியது. கையில் கிடைக்கும் நாணயமும் அதன் வரம்பில் இல்லை. ரிசர்வ் வங்கி 2015 பிப்ரவரியில் தங்க நாணய இறக்குமதி மீதான தடையை நீக்கியபோதும், வங்கிகள் நாணயம் விற்பதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. எனவே 'வங்கியில் கிடைத்ததுபோல' என்று ஒரு தளம் சொல்வதற்கு எந்தப் பொருளும் இல்லை.

மிச்சமிருப்பது நுகர்வோர் சட்டம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைகள் விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆயினும் 'இது போலி நாணயம்' என நிரூபிக்கும் சுமை நடைமுறையில் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. 'அரிது' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லாததால், 'அதிக விலைக்கு விற்றார்' என்பதை மட்டும் வைத்து வெல்வது எளிதல்ல.

பழமையே சட்டச் சிக்கலாகலாம்

நூறு ஆண்டுகள் கடந்த நாணயம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகிறது. அதாவது 1918ஆம் ஆண்டின் பம்பாய் சாவரினும் இப்போது அந்த வரையறைக்குள் வந்துவிட்டது. தொல்பொருளை வணிகமாக விற்பவருக்கு அச்சட்டத்தின்கீழ் உரிமம் தேவை. 'உங்கள் உரிமத்தைக் காட்டுங்கள்' என்று வாங்குபவர் கேட்டால், விற்பவர்களில் பலர் அந்த உரையாடலிலேயே காணாமல் போவார்கள்.

தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். வெளிநாட்டு நிறுவனத்திடம் மதிப்பெண் பெறலாம் என்று பழைய மொகரைத் தபாலில் அனுப்புவோர் இதை மறந்துவிடக் கூடாது.

'வயலில் கிடைத்த புதையல்' என்று சொல்லப்படும் நாணயத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே 'புதையல் நாணயம், ரகசியமாக விற்கிறோம்' என்ற பேச்சுக்கு இரண்டே பொருள்கள்தான் இருக்க முடியும். ஒன்று, நாணயம் போலி. அல்லது, விற்பனை சட்டவிரோதம். இரண்டில் எதுவானாலும் வாங்குபவர் புகார் கொடுக்கவே தயங்குவார். ஏமாற்றுவோர் நம்பியிருப்பது அந்தத் தயக்கத்தைத்தான்.

விற்க வருவோருக்கும் வலை

பழைய நாணயத்தை வைத்திருப்போரையும் மோசடிக் கும்பல்கள் விட்டுவைக்கவில்லை. 'உங்கள் நாணயத்துக்குப் பல லட்சம் தருகிறோம். முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் செலுத்துங்கள்' என்பது அவர்கள் பாணி. தனது பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி இவ்வாறு பணம் பறிக்கப்படுவதாக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்தது. இத்தகைய பரிவர்த்தனைகளில் தான் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், எந்த நிறுவனத்துக்கும் அதற்கு அதிகாரம் தரவில்லை என்றும் அது விளக்கியது. நாணயத்தை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்பவரிடம் முன்பணம் கேட்கப்பட்டால் அது வணிகம் அன்று.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

* இன்றைய தங்க விலையில் இந்த நாணயத்தில் உள்ள சுத்தத் தங்கத்தின் மதிப்பு எவ்வளவு? அதற்கு மேல் கொடுப்பது எத்தனை சதவீதம்?
* இதே நாணயத்தை விற்பவர் இன்று திரும்ப வாங்கினால் என்ன விலை தருவார்? அதை எழுத்தில் தருவாரா? பதில் மழுப்பலாக இருந்தால், சொல்லப்பட்ட மதிப்பை விற்பவரே நம்பவில்லை என்று பொருள்.
* ரசீதில் நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, காரட், அச்சுச்சாலை, நிலை ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா? 'தங்க நாணயம் - 1' என்று மட்டும் எழுதிய ரசீது பின்னாளில் எதையும் நிரூபிக்காது.
* விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவும் நிலையான முகவரியும் உண்டா? நூறாண்டு கடந்த நாணயமானால் தொல்பொருள் உரிமம் உண்டா?
* திருப்பி அனுப்ப அவகாசம் உண்டா? உறையைப் பிரித்தால் அந்த உரிமை போய்விடுமா? பிரிக்காமல் சோதிக்க முடியாது, பிரித்தால் திருப்ப முடியாது என்ற நிபந்தனை வாங்குபவரைக் கட்டிப்போடும் கயிறு.
* அனுப்பும் வழியில் தொலைந்தால் முழு மதிப்புக்கும் காப்பீடு யார் பொறுப்பு?

பொட்டலம் வந்ததும், முத்திரை உடைவதற்கு முன்பிருந்தே இடைவெளியின்றிக் காணொளி எடுப்பது நல்லது. எடையும் அளவும் அந்தக் காணொளியிலேயே பதிவாகட்டும். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வாங்குதலில் நிரந்தரக் கணக்கு எண் தேவை. ரொக்கமாகத் தந்தால் விலை குறையும் என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி உண்டு. வாங்கிய ரசீது இல்லாதவர்களுக்கு அந்தக் கணக்கும் சிக்கலாகும்.

ஏமாந்தது தெரிந்தால் தாமதம் கூடாது. பணம் பறிபோன இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணையும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தையும் உடனே நாட வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. தரக்குறைவு, திருப்பி எடுக்க மறுத்தல் போன்றவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இயங்குகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 50 லட்சம் ரூபாய் வரையிலான வாங்குதலுக்கு வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்க முடியும். கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

முதலீடா, சேகரிப்பா?

இறுதியாக முடிவெடுக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாங்குவது பொன்னையா, வரலாற்றையா? பிள்ளையின் படிப்புக்கோ திருமணத்துக்கோ சேர்க்கும் பணம் பொன்னாக இருக்கட்டும். அதற்கு ஹால்மார்க் பெற்ற, பொன்னின் விலையை ஒட்டிய, திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுள்ள நாணயமே பொருத்தம். அசோகச் சக்கரமும் காந்தியின் உருவமும் பொறித்து 2015 நவம்பரில் அறிமுகமான 'இந்திய தங்க நாணயம்' இந்த நோக்கத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது.

வரலாற்றின் மீது ஆசை கொண்டு வாங்குபவர், நாணயத்துக்கு முன்னால் அறிவைச் சேர்க்க வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவும், மும்பையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகமும் அசல் நாணயம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணுக்குப் பழக்கித் தரும். பதிவுபெற்ற ஏலங்களின் பட்டியல்கள், எந்த நாணயம் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதைச் சொல்லும். இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்குவது, விற்பவரின் சொல்லுக்கு விலை கொடுப்பதாகவே முடியும்.

அரசின் பக்கமும் கடமை உண்டு. இரண்டு கிராம் தோட்டுக்குக் கிடைக்கும் முத்திரைப் பாதுகாப்பு எட்டு கிராம் நாணயத்துக்குக் கட்டாயம் இல்லை என்ற நிலை, சேமிப்பவர்களின் பழக்கம் மாறிவரும் இக்காலத்துக்குப் பொருந்தவில்லை. விற்பனைக்கு வரும் நாணயத்தில் எடையும் காரட்டும், பொன்னின் அன்றைய மதிப்பும் விலைக்கு அருகிலேயே காட்டப்பட வேண்டும் என்ற ஒரு விதி வந்தால்கூடப் பெரும்பாலான வலைகள் அறுந்துவிடும். அதுவரை, அந்தக் கணக்கை வாங்குபவரே போட்டுப் பார்க்க வேண்டும். விடை தெரியும் முன் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தக் கூடாது.